கிளாக்கரய்யா பேரில் ஒரு கார்

டிக்கோயா கராஜில் ஒரு முச்சக்கர வண்டியின் அடியில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான் அழகுமுத்துவுக்கு அந்த அழைப்பு வந்தது. தெரியாத எண். தெரியாத எண்களை அவர் எடுப்பதில்லை. ஆனால் மூன்றாவது முறையும் அடித்தது. எடுக்காமல் விட்டால் என்னவோ ஏதோ என்று அன்று முழுவதும் வேலை ஓடாது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"வணக்கம். அழகுமுத்து எண்டுறவரோ?" பெண்குரல். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"ஆமாங்க. யாருங்க?"

"நான் யசோதினி. யாழ்ப்பாணத்திலயிருந்து கதைக்கிறன். ஃபேஸ்புக்கில ஒரு பழைய காரின்ர படம் பாத்தனான். இ.என். ஆறாயிரத்து நூற்று நாற்பத்தேழு. அது உங்களிட்டயோ இருக்கு?"

அழகுமுத்து வண்டியின் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தார்.

"அது என்ர அப்பான்ர பேரில இருக்கிற கார். பாலச்சந்திரன். உங்கட தோட்டத்தில பெரிய கிளாக்கரா இருந்தவர். நான் வாற சனிக்கிழமை அங்க வாறன். நிப்பியள்தானே?"

"நிப்பேங்க" என்றார். அழைப்பு துண்டிக்கப்பட்ட பிறகும் தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தார். அன்று திங்கட்கிழமை. சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்.

அழகுமுத்து டிங்கர் வேலைக்காரர். நசுங்கிய கதவை, கிழிந்த மட்கார்டைத் தட்டி நிமிர்த்துவதில் ஹட்டன் பக்கம் அவர் பெயர் தெரியாத லொறிக்காரர் இல்லை. வயது ஐம்பத்தாறு. இரும்பைக் கண்டு அவருக்குப் பயமில்லை. வெல்டிங் நெருப்பைக் கண்டும் பயமில்லை. காகிதத்தைக் கண்டால்தான் பயம். முத்திரை குத்திய காகிதம் எதுவாக இருந்தாலும் அதைத் தொடுமுன் கையைச் சட்டையில் இரண்டு தரம் துடைப்பார். அடையாள அட்டையின் பிரதியை வீட்டில் ஒன்று, கராஜில் ஒன்று, மனைவியின் சீலைப் பெட்டியில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைத்திருந்தார்.

அதற்குக் காரணமில்லாமல் இல்லை. அறுபத்தெட்டில் அவர் பிறந்தபோது அப்பா வீரய்யா, தோட்டத்து மக்கள் பலரைப்போல, குடியுரிமையில்லாமல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மனிதர். இந்தியாவுக்குப் போகிறேன் என்று மனுப் போடவில்லை. இங்கேயே இருக்கிறேன் என்று போட்ட மனுவை ஏற்கவில்லை. அப்பா அந்த மனுவின் கதையைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார், லயத்து வரிசை வீட்டுச் சுவருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல. அழகுமுத்துவுக்கு அடையாள அட்டை கிடைத்தபோது வயது இருபத்திரண்டு. கிடைத்த அன்று, யாராவது வந்து திருப்பிக் கேட்பார்களோ என்று அதைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள் அம்மா.

கார் வந்த கதையும் அந்தக் காகிதக் கதையோடு பின்னியதுதான்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய எம்.ஜி. கார் அது. ஐம்பத்திரண்டில் கப்பலில் வந்தது. நீண்ட மூக்கு, மடக்கும் கூரை, பின்னால் முதுகில் தொங்கும் ஸ்டெப்னி டயர். கொழும்பில் தேயிலைத் தரகு செய்த ஒரு வெள்ளைக்காரர் அதை மலைப் பாதைப் பந்தயங்களில் ஓட்டிவிட்டு, அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஸ்டோன்வேல் தோட்டத்து ராம்ஸே துரைக்கு விற்றார். துரையிடம் டிரைவராக இருந்தவர் வீரய்யா. துரை ஞாயிற்றுக்கிழமைகளில் தானே ஓட்டுவார். மற்ற ஆறு நாளும் அந்தக் காரைக் கழுவுவது, துடைப்பது, எண்ணெய் மாற்றுவது, என்ஜின் இருமினால் என்னவென்று பார்ப்பது எல்லாம் வீரய்யா.

எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரை புறப்பட்டார். காரைக் கப்பலில் ஏற்ற முடியவில்லை. பெட்ரோல் விலை ஏறிக் கிடந்த அந்த வருடத்தில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் காரை வாங்கவும் ஆளில்லை. "வீரய்யா, நீயே வச்சுக்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். ஆனால் பெயர் மாற்றப் போன இடத்தில் அடையாள அட்டை கேட்டார்கள். இல்லாதவர் எங்கே போவார்? அப்போது தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்த பாலச்சந்திரன்தான், "என்ர பேரில எழுதுவம் வீரய்யா. உமக்கு அட்டை கிடைக்கிற நாளில மாத்தித் தாறன்" என்றார். காரின் உண்மையான சொந்தக்காரன் வீரய்யாதான் என்று ஒரு கடிதமும் நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எழுபத்தேழில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு கிளாக்கரய்யா குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய்விட்டார். பேர்க்காரர் இல்லாத காரை வெளியே எடுக்கப் பயந்து, வீரய்யா அதை லயத்துக்குப் பின்னாலிருந்த மாட்டுப்பட்டிக்குள் தள்ளி, மேலே சாக்குகளைப் போட்டு, அதன் மேல் விறகை அடுக்கினார். கடிதத்தை டின் பெட்டியில் வைத்தார். கூரைத் தகரம் ஒழுகிய ஒரு மழைக்காலத்தில் அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் போனது. பிறகு பார்த்தால் கடிதம் ஒரு நீலக் கறையாக இருந்தது. ஒரு எழுத்துக்கூட மிஞ்சவில்லை. தொண்ணூற்றாறில் வீரய்யா இறந்தார்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு நாள் அழகுமுத்து விறகையும் சாக்கையும் எடுத்துவிட்டுப் பார்த்தார். எலிகள் இருக்கையைத் தின்று பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்தன. உடம்பைத் தாங்கிய மரச்சட்டம் விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. என்ஜின் இறுகிப்போயிருந்தது. நல்லவேளையாக, அடியிலிருந்த இரும்புச் சேசிஸ் திடமாக இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் மாட்டுச் சாணத்தின் நடுவே அது எப்படித் தப்பியது என்று அவருக்கே விளங்கவில்லை. பிறகு பார்த்தால், போர்த்துமுன் அப்பா அடிப்பாகம் முழுவதும் கிரீஸைக் கையால் தடவி வைத்திருக்கிறார். சாணத்தைச் சுரண்டச் சுரண்ட அப்பாவின் விரல் தடங்கள் கிரீஸில் உறைந்து கிடந்தன.

அதற்குப் பின் பதின்மூன்று வருடம். ஞாயிறுகளிலும் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களிலும்தான் வேலை. பிளக்குகளைக் கழற்றி, உள்ளே டீசலும் பிரேக் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, ஐந்து வாரம் காத்திருந்து, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டிப் பிஸ்டன்களை அசைத்தார். இரண்டு கார்புரேட்டரில் ஒன்றைக் காணவில்லை. தலவாக்கலையில் பழைய இரும்புக் கடையில் ஒரு மொரிஸ் மைனரிலிருந்து அதன் உறவுக்காரன் ஒன்றைக் கண்டுபிடித்துத் துளையைப் பெருக்கிப் பொருத்தினார். மரச்சட்டத்துக்குப் பலாப் பலகை. ஒவ்வொரு துண்டையும் பழையதன் அச்சில் வெட்டினார். ஒரு மட்கார்டை நான்கு தரம் அடித்து நான்கு தரமும் தூக்கிப் போட்டார். ஐந்தாவதுதான் வலப்பக்கத்துக்கு ஜோடியாக நின்றது. டேஷ்போர்டுக்கு அடியில் வெயில் படாத இடத்தில் பழைய பெயின்ட் ஒரு உள்ளங்கை அளவு மிஞ்சியிருந்தது. தந்த வெள்ளை. அதையே கலக்கிப் பூசினார்.

எல்லாம் முடிந்தும் கார் தோட்டத்து வண்டிப் பாதையைத் தாண்டவில்லை. பட்டியிலிருந்து கோயில் வரை, கோயிலிலிருந்து பட்டி வரை. அவ்வளவுதான். காகிதம் இல்லாத வண்டியைப் பெரிய ரோட்டில் ஏற்ற அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் நிலக்ஷி பெருமை தாங்காமல் காரைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டாள். அதுதான் யாழ்ப்பாணம் வரை போயிருக்கிறது.

திங்கள் மாலை வீட்டுக்கு வந்ததும் மனைவி மீனம்மாவிடம் சொன்னார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"அந்த அம்மா காரைத் தாங்கன்னா கேட்டாங்க?"

"கேக்கல."

"பொலிசுக்குப் போவேன்னாங்களா?"

"இல்ல. வர்றேன்னுதான் சொன்னாங்க."

"அப்ப ஏங்க இப்படி வேர்க்குது ஒங்களுக்கு?"

"பேரு அவங்களுது மீனம்மா. பதிவுப் புத்தகம் அவங்க கையில. நம்மகிட்ட என்னா இருக்கு? ஒரு நீலக் கறை இருக்கு."

அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

நிலக்ஷி அழுதுகொண்டே படத்தை அழித்தாள். "அழிச்சா மட்டும் பாத்த கண்ணு மறந்துருமா?" என்றார். பிறகு அப்படிச் சொன்னதற்காக வருந்தி அவள் தலையைத் தடவினார். செவ்வாய்க்கிழமை ஒரு பஸ்ஸின் தகரத்தைத் தவறாக வெட்டினார். இருபது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. புதன்கிழமை காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தைக் கடக்கும்போது, மேற்பார்வைக்காரரான தோட்டத்துக் கண்டாக்கு அவரைப் பார்த்து, "என்ன பாஸ், காருக்கு ஆள் வருதாமே" என்று சிரித்தார். யார் சொன்னார்கள்? எல்லோருக்கும் தெரிந்துவிட்டதா?

கராஜ் முதலாளி செல்லசாமிக்கு அழகுமுத்து மேல் உண்மையான பாசம். புதன் பின்னேரம் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"இங்க பாருங்க அழகுமுத்தண்ணே. இதே மாதிரிக் கார் ஒண்ணு கண்டியில ஒடைஞ்சு போச்சு. புத்தகம் மட்டும் ஒரு ஆள்கிட்ட இருக்கு. உங்க சேசிஸ்ல இருக்கிற நம்பரை கிரைண்டரால ஒரு இழுப்பு இழுத்துட்டு, அந்த நம்பரை அடிச்சுட்டா முடிஞ்சுது. அரை மணித்தியால வேலை. சனிக்கிழமை அந்த அம்மா வந்தா, இது உங்க கார் இல்லீங்கன்னு சொல்லிறலாம்."

"அது களவுங்களே மொதலாளி."

"யாரோட காரை யாரு களவெடுக்கிறது? உங்க அப்பாவோட காரு. நீங்க செஞ்ச காரு. யோசிங்க."

அழகுமுத்து யோசித்தார். வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, கிரைண்டரையும் கொண்டு பட்டிக்குப் போனார். வீட்டிலிருந்து வயர் இழுத்தார். காரின் முன்னால் இடது பக்கம், சேசிஸின் மூக்கில், அந்த எண் இருந்தது. குனிந்து, முழங்காலில் உட்கார்ந்து, கிரைண்டரை ஓடவிட்டார். சக்கரம் கீச்சென்று சுழன்றது. இரும்பில் படுவதற்கு இரண்டு விரல் தூரம்.

அந்த எண்ணை முதன்முதலில் துருவுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்தவர் அவர்தான். மண்ணெண்ணெயில் பல் துலக்கும் பிரஷைத் தோய்த்து ஒரு பகல் முழுவதும் தேய்த்து, ஒவ்வொரு இலக்கமாகக் கண்டெடுத்தார். இதை அழித்தால் அதற்குப் பின் நிற்பது எந்தக் கார்? அப்பா கிரீஸ் தடவி வைத்தது எதற்கு? இப்படியெல்லாம் நினைத்தார். கூடவே, பிடிபட்டால் என்ன ஆகும் என்றும் நினைத்தார். மறியல் சிறை, வழக்கு, நிலக்ஷிக்கு வரன் பேசுகிறவர்கள் கேட்கும் கேள்வி. கிரைண்டரை நிறுத்தினார். தன் கையைத் தடுத்தது நேர்மையா, பயமா என்று அவருக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஆனால் எண் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலையிலிருந்து மழை. பத்தரை மணிக்கு ஒரு வேன் லயத்துக்குக் கீழே வந்து நின்றது. ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண் குடையோடு இறங்கினார். இறங்கியவர் திரும்பி வேனுக்குள் கை நீட்டினார். உள்ளேயிருந்து மெல்ல, ஒவ்வொரு காலாக, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு முதியவர் இறங்கினார்.

அழகுமுத்துவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. கிளாக்கரய்யா போகும்போது அவருக்கு வயது ஒன்பது. ஆனால் முதியவர் அவரைப் பார்த்த மாத்திரத்தில் நின்றார்.

"நீர் வீரய்யான்ர மோனே?"

"ஆமாங்கய்யா."

"அதே நெத்தி" என்றார் பாலச்சந்திரன். "அவன் எங்க?"

"அப்பா தவறிட்டாருங்க. இருபத்தெட்டு வருசமாச்சு."

முதியவர் குடைக்குள் நின்றபடியே தேயிலை மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இந்தச் செய்தி இப்போதுதான் வந்து சேர்கிறது என்பது அழகுமுத்துவுக்கு விளங்கியது.

மீனம்மா தேநீர் கொண்டுவந்தாள். யசோதினி கோப்பையைத் தொடவில்லை. தன் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மடியில் வைத்தார். அழகுமுத்துவின் கண் அந்த உறையை விட்டு நகரவில்லை.

"அண்ணை, நான் ஒரு விசயம் சொல்லோணும்" என்றார் யசோதினி. "நான் கோவத்திலதான் வெளிக்கிட்டு வந்தனான். அப்பா வேண்டாம் எண்டவர். அப்பாவைத் தனிய விடேலாது எண்டு கூட்டிக்கொண்டு வந்தன்."

"பிள்ளை, அதை விடு" என்றார் முதியவர்.

"விடமாட்டன் அப்பா. இவையளுக்குத் தெரியோணும்." அவர் அழகுமுத்துவைப் பார்த்தார். "எண்பத்தஞ்சில ஆமிக்காரர் அப்பாவை விசாரணைக்கெண்டு கொண்டுபோனவை. பத்தொன்பது நாள். உன்ர பேரில ஒரு கார் இருக்கு, அது எங்க, ஆர் ஓடுறான், இயக்கத்துக்குக் குடுத்தனியோ எண்டு கேட்டு அடிச்சவை. எனக்கு அப்ப பத்து வயசு. அப்பா திரும்பி வரேக்க வலது கை தூக்கேலாது. இப்பவும் தூக்கேலாது."

மீனம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கார் ஒடைச்சு இரும்புக்கு வித்தாச்சு எண்டு சத்தியக்கடதாசி எழுதிக் குடுத்துத்தான் அப்பா வெளியில வந்தவர். இதுதான் பிரதி." பிளாஸ்டிக் உறையைத் தட்டினார். "ஒரு சொல்லு, இங்க மாட்டுப்பட்டியில நிக்குது எண்டு ஒரு சொல்லு சொல்லியிருந்தா முதல் நாளே விட்டிருப்பினம். ஏன் அப்பா சொல்லேல்ல? நாப்பது வருசமாக் கேக்கிறன். சொல்ல மாட்டார். போன கிழமை அந்தக் காரைப் புதுசாட்டம் படத்தில பாத்த உடன எனக்கு வயிறு பத்தி எரிஞ்சது."

எல்லோரும் முதியவரைப் பார்த்தார்கள். மழை தகரத்தில் அடித்தது.

"அட்டையில்லாத மனுசன் பிள்ளை" என்றார் பாலச்சந்திரன் கடைசியில். "என்னைக் கொண்டுபோனா நீங்கள் தேடுவியள். வேலை செய்த கந்தோரில பேர் இருக்கு, ஊரில பேர் இருக்கு. அவனைக் கொண்டுபோனா, அப்பிடி ஒருத்தன் இருந்தான் எண்டு காட்டவே ஒரு கடதாசி இல்லை."

அழகுமுத்துவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றார். அப்பா ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் யாழ்ப்பாணத்துக்குத் தேயிலைத் தூள் பார்சல் அனுப்புவார். எண்பத்தைந்துக்குப் பிறகு அனுப்பிய இரண்டு பார்சலும் பிரிக்காமலே திரும்பி வந்தன. 'ஐயா நம்மள மறந்துட்டாரு' என்று சொல்லி, அதற்குப் பின் அப்பா அனுப்பவே இல்லை. சாகும் வரை அந்த வருத்தம் இருந்தது. இதைத் தடுமாறித் தடுமாறி அவர் சொன்னார்.

"நான்தான் திருப்பி அனுப்பச் சொன்னனான்" என்றார் முதியவர். "அனுப்பினவன்ர விலாசம் என்ர வீட்டில இருக்கக் கூடாது எண்டு." பிறகு மெல்ல, "அவனுக்கு விளங்கியிருக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

யசோதினி கோப்பையை எடுத்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்தார்.

மழை விட்டதும் எல்லோரும் பட்டிக்குப் போனார்கள். அழகுமுத்து துணியை விலக்கினார். தந்த வெள்ளையில் கார் நின்றது. பாலச்சந்திரன் சுற்றி வந்தார். கதவைத் தொட்டார். அதை எப்படித் திறப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஐயா இதுல போயிருக்கீங்களா?" என்று கேட்டாள் நிலக்ஷி.

"எங்க பிள்ளை! துரையின்ர காரில கிளாக்கர் ஏறுறதோ? பேர் எழுதினாப் பிறகும் நான் தொட்டதில்லை. வீரய்யா ஏறச் சொல்லிக் கேட்டவன். நான்தான் மாட்டன் எண்டிட்டன்."

"இப்ப ஏறுங்கய்யா" என்றார் அழகுமுத்து. சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எண்பத்தேழு வயது. தாழ்ந்த இருக்கை. ஈரப் பாதை. என்ஜின் நடுவழியில் நின்றால்? பிரேக் பிடிக்காவிட்டால்? ஆனால் முதியவர் அதற்குள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

முதல் இழுப்பில் என்ஜின் பிடித்தது. லயத்து ஆட்கள் வாசல்களுக்கு வந்து நின்றார்கள். அழகுமுத்து நடப்பவன் வேகத்தில் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாலச்சந்திரன் தூக்க முடியாத வலது கையை மடியில் வைத்து, இடது கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்தபடி, நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் திருப்பத்தில் காற்று அவருடைய வெள்ளை முடியைக் கலைத்தது. "கொஞ்சம் கூட ஓடும் தம்பி" என்றார். அழகுமுத்துவுக்கு உயிரே போயிற்று. ஆனாலும் கொஞ்சம் கூட்டினார்.

திரும்பி வந்ததும் முதியவர் இறங்காமலே சொன்னார். "திங்கட்கிழமை ஹட்டனில ஒரு லோயரைப் பிடியும். உம்மட பேருக்கு எழுதுவம்."

"அப்பா!" யசோதினியின் குரல் உயர்ந்தது. "எழுதினா முந்தி எழுதினது பொய்ச்சத்தியம் எண்டு ஆகும். இந்த வயசில உங்களைத் திருப்பியும் ஒரு விசாரணைக்குக் கொண்டுபோகவோ?"

"வேணாங்கய்யா" என்றார் அழகுமுத்துவும். அவர் மனதாரத்தான் சொன்னார். "அக்கா சொல்றது சரிங்க. கார் இப்படியே கெடக்கட்டும். ரோட்டுக்குப் போகலைன்னா என்னாங்க, எனக்கு இந்தக் கோயில் பாதையே போதும்."

"நான் செத்தா இது ஆற்ர கார்?" என்று கேட்டார் பாலச்சந்திரன். யசோதினி அழகுமுத்துவைப் பார்த்தார். முதியவர் தலையாட்டினார். "அப்ப எழுதுவம்."

அன்றும் மறுநாளும் அப்பாவும் மகளும் டிக்கோயாவில் ஒரு தெரிந்தவர் வீட்டில் தங்கினார்கள். திங்களன்று ஹட்டனில் லோயர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் கொழும்பில் மோட்டார் வாகனக் கந்தோரில் விசாரிப்பார்கள், முதல் சத்தியக்கடதாசியைப் பற்றிக் கேட்பார்கள், என்ன சொல்வார்கள் என்று தன்னால் உறுதி தர முடியாது என்றார். யசோதினி அப்பாவைப் பார்த்தார். அப்பா பேனையைக் கேட்டார். வலது கையை இடது கையால் தூக்கி மேசையில் வைத்து, மிக மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பின் ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் அழகுமுத்து நான்கு கிலோ இளைத்தார். தபால்காரரைக் கண்டாலே வாசலுக்கு ஓடினார். கார் போனால் போகட்டும் என்ற இடத்துக்கு அவர் எப்போதோ வந்துவிட்டார். தன் காருக்காக ஒரு கிழவரை மறுபடியும் ஒரு விசாரணை நாற்காலியின் முன் நிறுத்துகிறோமே என்பதுதான் இப்போது தின்றது. யசோதினி வாரம் ஒரு முறை பேசினார். முதலில் கடிதம் வந்ததா என்று கேட்பதற்கு மட்டும். பிறகு மீனம்மாவின் மங்கிவரும் கண் எப்படி, நிலக்ஷியின் வேலை எப்படி என்றும். ஒரு நாள், "அண்ணை, எனக்கும் நித்திரையில்லை" என்றார். அதைக் கேட்டபோது அழகுமுத்துவுக்கு ஏனோ சற்று மூச்சு விட முடிந்தது.

ஒக்டோபரில் விசாரணை. கொழும்பில் ஒரு நீண்ட நடைபாதையில் லோயரோடு நால்வரும் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். உள்ளே அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். சிங்களத்தில்தான் பேசினார். இரண்டு சத்தியக்கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எண்பத்தைந்தில் காரை உடைத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது கார் இருக்கிறது என்கிறீர்கள். இதில் எது பொய்?"

யசோதினி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாலச்சந்திரன் கையமர்த்தினார். தோட்டத்தில் பழகிய அவருடைய சிங்களம் ஐம்பது வருடத்துக்குப் பிறகும் மறக்கவில்லை.

"முதலில் சொன்னதுதான் பொய், நோனா" என்றார். "அடித்தார்கள். சொன்னேன்."

அந்த அம்மா பேனையை வைத்துவிட்டார். அவருடைய பார்வை முதியவரின் மடியில் கிடந்த கையில் நின்றது. அப்புறம் நெடுநேரம் எழுதினார். எழுதி முடித்ததும், போகலாம், தபாலில் அறிவிப்போம் என்றார். சரியா, இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புகையிரதத்தில் ஹட்டன் வரும் வரை அழகுமுத்து அந்த முகத்தையே நினைத்துக்கொண்டு வந்தார்.

டிசம்பர் முதல் வாரத்தில் பதிவுப் புத்தகம் வந்தது. கவரைப் பிரிக்க அவரால் முடியவில்லை. நிலக்ஷிதான் பிரித்தாள். சேசிஸ் எண் சரி. என்ஜின் எண் சரி. சொந்தக்காரர் பெயர் என்ற இடத்தில் இங்கிலிஷில் அவர் பெயர் இருந்தது. ஆனால் ஒரு எழுத்துக் குறைவு. அடையாள அட்டையில் இருப்பதுபோல இல்லை.

"ஒரு எழுத்துத்தானேங்க, விடுங்க" என்றாள் மீனம்மா.

அவர் விடவில்லை. அடுத்த வாரம் விடியற்காலைப் புகையிரதத்தில் தனியாகக் கொழும்புக்குப் போனார். அவர் வாழ்க்கையில் யாரும் கூப்பிடாமல், துணைக்கு ஆளில்லாமல், ஒரு அரசாங்கக் கந்தோருக்குத் தானாகப் போனது அதுவே முதல் தடவை. இது பெரிய பிழை இல்லை, பரவாயில்லை என்றார் அங்கிருந்தவர். "பரவாயில்லை இல்லீங்க மஹத்தயா, மாத்திக் குடுங்க" என்று பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் சொல்லிவிட்டு, பின்னேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்து மாற்றிக்கொண்டு வந்தார்.

ஏப்ரலில் நுவரெலியாவில் பழைய கார்கள் அணிவகுக்கும் என்றும், வந்தால் முதல் வரிசையில் இடம் என்றும் கொழும்பிலிருந்து யாரோ பேசினார்கள். அழகுமுத்து போகவில்லை. அன்றைக்கு மீனம்மாவுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் கண் கிளினிக் இருந்தது. காலையில் பஸ் வரவில்லை. அரை மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டு, "கார் இருக்குல்ல?" என்றாள் அவள்.

அப்படித்தான் அந்தக் கார் முதன்முதலில் தோட்டத்து வாயிலைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியது. மீனம்மா சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, காற்று அடிக்கிறது என்று வழி முழுவதும் குறை சொன்னாள். பள்ளத்தில் இறங்கும்போது அழகுமுத்து பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஏற்றத்தில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஒரு வளைவில் மூடுபனி திடீரென்று வந்து மூடியபோது இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

கிளினிக்கில் வரிசை நீளம். அழகுமுத்து உள்ளே போகாமல் வெளியே காருக்குப் பக்கத்திலேயே நின்றார். பத்துப் பேர் வந்து படம் பிடித்தார்கள். "யாரோட கார் இது?" என்று ஒருவர் கேட்டார்.

"என்னோடதுங்க" என்றார். சொல்லிவிட்டு, கேட்டவர் நம்பினாரா என்று அவர் முகத்தைப் பார்த்தார். அந்த மனிதர் தலையாட்டிவிட்டு மட்கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மீனம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.